எதிர்க்கட்சிக்கு நாற்காலி

"கிழிஞ்சதை மேல வைக்காதே, ஆர்வில். கிழிஞ்சதுல உட்கார்ந்தவன் எரிச்சலா கேள்வி கேப்பான்."

சொல்லிவிட்டு, வேனின் பின்கதவில் சாய்ந்தபடி, பெட்ரோல் பங்கில் வாங்கிய, சோறும் கறியும் அடைத்த பூடான் சாஸேஜைக் காகிதத்தோடு சேர்த்துக் கடித்தார் வக்கீல் ரோவீனா ஸ்டெல்லி. ஏற்றி முடித்த மடக்கு நாற்காலிகளை நான் மறுபடி இறக்கினேன். மெத்தை கிழிந்ததை அடியில் போட்டேன். மறுபடி ஏற்றினேன். அவர் ஒரு நாற்காலிகூடத் தொடவில்லை. தொட்டதே இல்லை. சாஸேஜ் பிடித்த கையால் இடம் மட்டும் காட்டுவார்.

என் மனக்குறை இதுதான். வருஷக்கணக்கில் சுமக்கிறேன், நாற்காலிகளோடு சேர்த்து. இவற்றில் நம்மாள் ஒருத்தனும் உட்காருவதில்லை. எதிர்க்கட்சி வக்கீல்கள் உட்காருகிறார்கள். எங்கள் நுரையீரலைக் கெடுத்த கம்பெனிகள் ஹூஸ்டனிலிருந்து அனுப்பும் ஆட்கள், மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, சாகக் கிடக்கிற மனிதனின் முன்னறையில் இறங்குவார்கள். அவர்களுடைய பின்புறம் நோகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. காப்பி ஊற்றுவதும் என் வேலை. போன வருஷம் ஒருத்தன் முதுகுவலி என்றான். தலையணை கொடுக்கச் சொன்னார் ரோவீனா. கொடுத்தேன். கொடுக்கும்போது என் மூஞ்சி எப்படி இருந்ததோ, அவன் அதற்குப் பிறகு நான் ஊற்றிய காப்பியைக் குடிக்கவில்லை.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன். வக்கீலம்மா தொழிலுக்குப் புதிதாய் வந்த காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். ப்ரூயிட் என்று ஒரு வெல்டர். படுத்த படுக்கையாக வாக்குமூலம் கொடுத்தார். வீடோ சின்னது. எதிர்க்கட்சியில் ஒரு வக்கீலுக்கு உட்கார இடமில்லாமல் அடுக்களை வாசலில் நின்றார். ப்ரூயிட் போய்ச் சேர்ந்தார். நின்றவர் நீதிபதியிடம் போய், எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, கேள்விகளையும் முடிக்கவில்லை என்றார். முழு வாக்குமூலமும் குப்பைக்குப் போயிற்று. செத்தவனைத் திரும்பக் கூப்பிட்டு மிச்சத்தைக் கேட்க முடியாதே.

"செத்தவன் பேச்சு செல்லணும்னா, உயிரோட இருக்கும்போதே எதிராளி ஆசை தீரக் கேட்டு முடிச்சிருக்கணும். அதுதான் சட்டம். அதனால நல்லா உட்காரட்டும். நல்லா குடிக்கட்டும். அப்புறம் எந்த நாயும் வசதிப்படலைன்னு கோர்ட்ல போய் ஊளையிடக் கூடாது."

ஞாயம்தான். மனக்குறை போகவில்லை.

அன்றைக்கு நாற்காலிகள் போய்க்கொண்டிருந்தது எல்ரே டொமாங் வீட்டுக்கு. போர்ட் ஆர்தரில் எண்ணெய் ரிஃபைனரிச் சுவருக்கு இந்தப் பக்கம், கால்வாய் ஓரத்து வீடு. ஆஸ்பெஸ்டாஸ் தூசி அவர் நெஞ்சுக்கூட்டின் உறைக்குள் குடியேறி நாளாகிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அந்த இரண்டு வாரத்துக்குள் எல்லா வக்கீல்களும் கேட்டு முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அவரோடு சேர்ந்து நாற்பது சொச்சம் பேரின் வழக்கும் புதைக்கப்படும். அந்த நாற்பது சொச்சத்தில் நானும் ஒருத்தன்.

ரோவீனாவின் தொழிலைப் பற்றி ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நெடுஞ்சாலையில் அவருடைய விளம்பரப் பலகை நிற்கிறது. கைகட்டி, புருவம் தூக்கி, கோர்ட்டில் இடி இடிக்கப் போகிற மாதிரி ஒரு பார்வை. படத்தில் இருப்பது இருபது வருஷத்துக்கு முந்தைய முகம். மாற்றுங்களேன் என்று ஒரு தடவை சொன்னேன். இப்போதைய முகத்தைப் போட்டால் வண்டிகள் மோதிக்கொள்ளும் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கோர்ட்டில் எழுந்து நின்று பேசி நான் பார்த்தது கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். ஒரே தூசியில் அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தனி வழக்கு, தனி நோய், தனி மருமகன் தொல்லை. எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, ஒரு இலையும் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பந்தி விசாரிப்பவருக்குப் பேச்சுத் திறமை எதற்கு? யாருக்கு எது வரவில்லை என்று தெரிந்தால் போதும்.

பழைய மரச்சாமான் கடை ஒன்றில் அவருடைய ஆபீஸ். கட்டில் விற்ற இடத்தில் காதில் கருவி மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நாள் முழுக்க ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். எந்த ஆலை, எந்த வருஷம், மூச்சு வாங்குகிறதா, வீட்டுக்காரர் இருக்கிறாரா? "இருக்கிறார்" என்றால் ஒரு கட்டம். "இல்லை" என்றால் வேறு கட்டம். ரோவீனா நடுவில் நடந்துகொண்டே இருப்பார், செருப்பில்லாமல். குதி உயர்ந்த செருப்புகள் எப்போதும் வேனின் பின் சீட்டில் கிடக்கும். நீதிபதிக்கும் சாவு வீட்டுக்கும் மட்டும் அவை கீழே இறங்கும்.

கட்சிக்காரர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. ஆயிரக்கணக்கான பெயரை யார் வைத்துக்கொள்வது? அந்தந்த வீட்டில் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்பது மறக்காது. "அந்த மாட்டுவால் குழம்புக்காரருக்கு எக்ஸ்ரே வந்துச்சா?" என்பார். "பீச் பழ அடை செஞ்ச அம்மா போன் பண்ணுனாங்களா?" என்பார். ஆபீஸை நடத்தும் டார்லீன் ஒரு விநாடிகூட யோசிக்காமல் சரியான ஃபைலை எடுத்து நீட்டுவாள். ஒன்றும் கொடுக்காத வீட்டுக்காரர்களுக்கும் அடையாளம் உண்டு. "அந்தத் தண்ணி வீடு." தண்ணி வீட்டு வழக்குகளையும் அதே அக்கறையோடுதான் பார்ப்பார். கொஞ்சம் முணுமுணுப்போடு பார்ப்பார்.

என் வழக்கைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அதே ரிஃபைனரியில் நானும் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பூச்சுப் பூசியவன். என் நெஞ்சுப் படத்தில் தழும்பு இருக்கிறது. ஏணி ஏற முடியாமல் போனபோதுதான் இந்த வேன் வேலையைக் கொடுத்தார். என் முறை எப்போது வரும் என்றேன். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ இன்னும் தேவையான அளவுக்குச் சாகலை, ஆர்வில். சந்தோஷப்படு."

இப்படிப் பேசுகிற ஆளை ஏன் இத்தனை பேர் வீட்டுக்குள் விடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில், அவர் யார் முன்னாலும் குரலைத் தாழ்த்த மாட்டார். எங்கள் ஊரில் நோய் வந்தவன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிசுகிசுவென்று பேசுவார்கள். பாதிரியார்கூட. படுத்திருப்பவனுக்கு அதுவே பாதிச் சாவு. ரோவீனா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவார், என்ன மனுஷா, இன்னுமா இருக்கே என்று. படுத்திருப்பவன் சிரிப்பான். சில பேர் அப்போதுதான் ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பார்கள்.

தினமும் காலையில் டோனட் கடையில் உட்கார்ந்து பேப்பரில் சாவுச் செய்திப் பக்கத்தை முதலில் படிப்பார். விளையாட்டுச் செய்தி, ஊர்ச் செய்தி எதுவும் வேண்டாம். கட்சிக்காரன் செத்தால் குடும்பம் எல்லாருக்கும் சொல்லும், வக்கீலுக்குச் சொல்ல மறந்துவிடும். சாவு பதிவாகாவிட்டால் வழக்கு அந்தரத்தில் நிற்கும். ஆகவே சர்க்கரைத் தூள் ஒட்டிய விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டு போவார். நம்மாள் அகப்பட்டால் டார்லீனுக்குப் போன். டார்லீன் இரண்டு காரியம் செய்வாள். சாவைக் கோர்ட்டுக்கு எழுதிப்போடுவாள். வீட்டுக்குத் தேன் தடவிச் சுட்ட பன்றித்தொடை ஒன்றைப் பூங்கொத்தோடு அனுப்புவாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குச் சாப்பாடு போகாமல் இருந்தால் அது சாவே இல்லை.

எல்ரே டொமாங் விஷயத்தில் கோளாறு இங்கேதான் நடந்தது. அவருக்கு அதே பெயரில் பெரியப்பா மகன் ஒருத்தர் இருந்தார். தாத்தா பெயரை இரண்டு பேருக்கும் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் ரிஃபைனரிக்காரர்கள்தான். பெரியப்பா மகன் படகில் மாரடைப்பு வந்து போய்விட்டார். பேப்பரில் பெயர் வந்தது. தொடை எங்கள் எல்ரே வீட்டுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். ரோவீனா சத்தமாக வைத்துக் கேட்டதால் எனக்கும் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"மிஸ் ரோவீனா, தொடை ரொம்ப நல்லா இருந்துச்சு. வெல்மா எலும்பைப் போட்டு பீன்ஸ்கூட வேக வெச்சுட்டா. பூவும் வாசமா இருக்கு. ஒரே ஒரு விஷயம்தான். நான் இன்னும் போகலை."

ரோவீனா வயிறு குலுங்கச் சிரித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவைக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பக்கமும் சிரிப்பு, பிறகு இருமல், பிறகு நீண்ட இருமல். அந்த இருமலைக் கேட்டதும் இவர் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு, வேனை எடு என்றார்.

எல்ரே சாய்வு நாற்காலியில், மூக்கில் குழாயோடு கிடந்தார். மூலையில் ஆக்ஸிஜன் மிஷின் புஸ் புஸ் என்றது. பிணத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு என்றார். வெல்மா, அவர் மனைவி, எங்களுக்கே எங்கள் தொடையிலிருந்து வெட்டிப் போட்டாள். ரோவீனா தின்றுகொண்டே அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தார். பாய்லர் கொட்டகையில் குழாய்க்குப் பூசிய பூச்சு எந்தக் கம்பெனியுடையது என்பது அத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. நாங்கள் உள்ளே பூசினோம், காய்ந்ததை உடைத்தோம், தூசியைச் சுவாசித்தோம். எங்களிடம் வந்து சேர்ந்தது தொட்டியில் குழைத்த சேறு மட்டும். மூட்டை பிரித்தது வெளிக் கொட்டகையில். பிரித்தவர்களில் மிச்சமிருந்தது எல்ரே ஒருத்தர்தான்.

"சாக்குல சிவப்பா ஒரு பெலிகன் பறவை போட்டிருக்கும். காலிச் சாக்கை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அத்திச் செடிக்குப் பனி விழாம போர்த்துவேன். எப்படி மறக்கும்?"

ரோவீனா மெல்லுவதை நிறுத்தினார். அவர் மெல்லுவதை நிறுத்தி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சிவப்புப் பெலிகன் எந்தக் கம்பெனி முத்திரை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கம்பெனி இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பேரின் வழக்கையும் தூக்கி நிறுத்த அந்த ஒரு பறவை போதும்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதைத்தான் எழுதவா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

எல்ரேவுக்கு வலிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாக்கடியில் விட்டால் அரைமணியில் வலி விலகும், கூடவே நினைவும் கொஞ்சம் நழுவும். வெல்மா குப்பியை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தாள். வாக்குமூலம் முடியும்வரை அதில் ஒரு சொட்டும் கூடாது என்றார் ரோவீனா.

"அவங்க கேக்குற முதல் கேள்வியே இன்னிக்கு என்ன மருந்து எடுத்தீங்கங்கறதுதான், எல்ரே. எடுத்தேன்னா முடிஞ்சுது. அந்தாளு பெலிகனையும் பார்த்தான், பக்கத்துலயே தேவதூதனையும் பார்த்தான்னு எழுதிடுவானுங்க."

வெல்மா வாசலைக் காட்டி, வெளியே போ என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். ரோவீனா எழுந்திருக்கவில்லை. தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டிருந்தார். இந்த அம்மாளுக்குத் தோல் எருமைத் தோல் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

எத்தனை நாள் என்று கேட்டார் எல்ரே. கடைசி ஆள் கேள்வி இல்லை என்று சொல்கிறவரை என்றார் ரோவீனா.

"நடுவுல நான் போயிட்டா?"

"எனக்குப் பெரிய சங்கடமாயிடும். தயவுசெஞ்சு செய்யாதீங்க."

எல்ரே சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். நாங்கள் ஒரே ஷிஃப்டில் இருந்தவர்கள், என் கல்யாணத்துக்கு அவர்தான் அக்கார்டியன் வாசித்தார். "அந்த நாப்பதுல நீயும் உண்டாடா?" என்றார். உண்டு என்றேன். என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. நாற்காலியை எல்லாம் கொண்டா" என்றார்.

அப்படித்தான் கொண்டுபோனேன். சோபாவை முற்றத்தில் தூக்கி வைத்துவிட்டு முன்னறையில் வரிசையாகப் போட்டேன். வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பெயர் எனக்கு வேண்டாம், எந்தக் கம்பெனிக்கு வந்தார்களோ அதுதான் பெயர். பம்ப் வக்கீல், வால்வு வக்கீல், கேஸ்கெட் வக்கீல், இப்படி ஒரு ஹார்ட்வேர் கடையே உட்கார்ந்திருந்தது. சாய்வு நாற்காலிக்கு எதிரே கேமரா. பக்கத்தில் சுருக்கெழுத்து மிஷினோடு ஒரு பெண். நர்ஸ் அவ்வப்போது நிறுத்தச் சொல்லி நாடி பார்ப்பாள்.

முதலில் ரோவீனா கேட்டார். அத்தனை பேர் முன்னால் எல்ரே பெலிகனைச் சொன்னார். சத்தமாக, தெளிவாக. பின்வரிசையில் பத்துப் பேனாக்கள் ஒன்றாகக் கீழே குனிந்தன.

பிறகு அவர்கள் முறை. வால்வு வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"மிஸ்டர் டொமாங், நீங்க இறந்துட்டதா போன வாரம் உங்க வக்கீல் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. அதைப் பத்தி என்ன சொல்றீங்க?"

எல்ரே ரோவீனாவைப் பார்த்தார். ரோவீனா கூரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க" என்றார் எல்ரே.

சுருக்கெழுத்துப் பெண்ணுக்கே விரல் தடுமாறியது. அடுத்த கேள்வி, எதிர்பார்த்த கேள்வி. இன்றைக்கு என்ன மருந்து? ஒன்றும் இல்லை. நேற்று? ஒன்றும் இல்லை. வலி இல்லையா? இருக்கிறது. எவ்வளவு? உங்களுக்கு வந்தால்தான் தெரியும், வர வேண்டாம் என்றார். அடுக்களையில் வெல்மா எதையோ தொட்டியில் போட்ட சத்தம் முன்னறைவரை கேட்டது.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். பம்ப் வக்கீல், எங்கள் பம்பை அங்கே பார்த்தீர்களா என்றார். இல்லை, உங்களுடையது எதிர்க் கொட்டகையில் இருந்தது என்றார் எல்ரே. ரோவீனாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஒரு கம்பெனியே கையைவிட்டுப் போனது. பம்ப் வக்கீல் உடனே பையைக் கட்டி, போகிற வழியில் தட்டிலிருந்து இரண்டு பன்னை எடுத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இந்த மாதிரி இன்னும் இரண்டு பேரை விடுவித்தார் எல்ரே. இடைவேளையில் ரோவீனா அவர் காதருகே குனிந்து, "கண்ணு, நீங்க யாருக்குச் சாட்சி?" என்றார். எல்ரேவுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. சாய்வு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் விரல் பட்ட இடத்தில் துணி ஈரமாகியிருந்தது.

முதல் நாள் முடியவில்லை. இரவு முழுக்க அவர் உட்கார்ந்தே கழித்தார் என்று மறுநாள் காலையில் வெல்மா என்னிடம் சொன்னாள். ரோவீனாவுக்குக் காப்பி மட்டும் கொடுத்தாள், சர்க்கரை போடாமல். ரோவீனா நாலு சர்க்கரை போடுகிறவர். அப்படியே குடித்தார்.

இரண்டாம் நாள் ஒவ்வொருத்தராக முடித்துக்கொண்டார்கள். கேள்வி இல்லை, கேள்வி இல்லை என்று வரிசை குறைந்துகொண்டு வந்தது. மத்தியானத்துக்கு மேல் பாக்கி இருந்தது பெலிகன் கம்பெனியின் வக்கீல் ஒருத்தர்தான். விட்டக்கர் என்று பெயர். மெல்லிய குரல், நல்ல பண்பு. அந்தக் காலத்து மேஸ்திரிகளின் பெயரைக் கேட்டார். மீன்பிடிக்கப் போன இடத்தைக் கேட்டார். அத்திச் செடி என்ன ஜாதி என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் எல்ரே நாலு மூச்சு சேர்த்துக்கொண்டு பதில் சொன்னார். பிறகு விட்டக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாட்சியைப் பார்த்தார், கண்ணில் கருணையோடு.

"சாட்சி ரொம்பக் களைச்சிட்டார். எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கு. நாளைக்கு வெச்சுக்கலாமே."

அறையில் எல்லாருக்கும் புரிந்தது. நாளை என்பது இன்னொரு இரவு. அந்த இரவைச் சொட்டு மருந்தோடு கழித்தால் நாளைய பேச்சு செல்லாது. சொட்டு மருந்து இல்லாமல் கழித்தால் நாளைக்கு ஆள் இருப்பது சந்தேகம். இரண்டில் எது நடந்தாலும் விட்டக்கருக்குச் சம்மதம். கேஸ்கெட் வக்கீல் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ரோவீனா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"களைப்பா இருக்கா, மிஸ்டர் டொமாங்?"

"களைப்புத்தான்." மூச்சு. "ஆனா நாளைக்கு எனக்கு வேற ஜோலி இருந்தாலும் இருக்கும்."

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ரோவீனா விட்டக்கர் பக்கம் திரும்பி, மிச்சக் கேள்விகள் என்னவென்று இப்போதே பதிவில் சொல்லிவிடுங்கள் என்றார். முன்கூட்டிக் காட்ட வேண்டிய அவசியம் தனக்கில்லை என்றார் விட்டக்கர். அப்படியானால் கேளுங்கள், சாட்சி இருக்கிறார், பேசுகிறார், நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, நாங்கள் காத்திருக்கிறோம் என்றார் ரோவீனா. கேமராக்காரரிடம் நிறுத்த வேண்டாம் என்றார். என்னிடம், மிஸ்டர் விட்டக்கருக்குக் காப்பி கொடு என்றார்.

கொடுத்தேன். கோப்பைத் தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவர் நன்றி என்றார்.

ஆக்ஸிஜன் மிஷின் புஸ் புஸ் என்றது. விட்டக்கர் தாள்களைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார். சுருக்கெழுத்துப் பெண் விரல்களை மிஷின்மேல் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். எல்ரேவின் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவன் ரோட்டைப் பார்க்கிற மாதிரி விட்டக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு நிலையில் வந்து நின்றாள் வெல்மா, ஒரு கை ஏப்ரன் பைக்குள். அவளைப் பார்க்காமல் இருக்க நான் காப்பிக் கெண்டியைப் பார்த்தேன்.

கடைசியில் விட்டக்கர் நிமிர்ந்தார்.

"அந்தப் பெலிகன், மிஸ்டர் டொமாங். அது இடது பக்கம் பார்த்திருந்ததா, வலது பக்கமா?"

ரோவீனா கண்ணை மூடிக்கொண்டார். தப்பாகச் சொன்னால் பறவையே பறந்துவிடும். ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுகிற வயசும் வலியும்தான் அது. எல்ரே யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"எனக்கு ஞாபகமில்லை" என்றார். "வாயில மீன் இருந்துச்சு. அது ஞாபகமிருக்கு."

விட்டக்கர் அதைத் தன் தாளில் எழுதினார். அவருக்கு அது போதும் போலிருந்தது. நீதிபதி முன்னால் எடுத்துக்காட்ட ஒரு "ஞாபகமில்லை" கிடைத்துவிட்டது. பேனாவை மூடினார்.

"வேற கேள்வி இல்லை."

"எனக்கும் இல்லை" என்றார் ரோவீனா, அவர் வாய் மூடுவதற்குள்.

கேமரா நின்றது. பைகள் மூடப்பட்டன. எல்லாரும் எல்ரேவிடம் ஒரு வார்த்தை மரியாதைக்குச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். எல்ரே தலையை மட்டும் அசைத்தார், கண்ணைத் திறக்கவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் ரோவீனா வீட்டுக்காரர்களைக் கட்டிப்பிடிப்பார், மிச்சமிருக்கிற பலகாரத்தைக் காகிதத்தில் கட்டிக்கொள்வார், அடுத்த வீட்டுக்காரர்வரைக்கும் கேட்கிற மாதிரி விடைபெறுவார். அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. வெறுங்காலோடு வெளியே போய்க் கார் நிறுத்தும் கூரைக்கடியில் நின்றார்.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு தடவை வேறொரு வீட்டில், காரில் ஏறிய வக்கீல் ஒருத்தர் மறந்துபோன கேள்வி ஒன்று இருப்பதாகத் திரும்பி வந்திருக்கிறார். பதிவை மறுபடி திறந்தார்கள். அதனால் எதிர்க்கட்சியின் கடைசி வண்டி தெருவைவிட்டுப் போகிறவரை எதுவும் முடிந்ததாக ரோவீனா நினைப்பதில்லை. நானும் பக்கத்தில் போய் நின்றேன். விட்டக்கர் காரில் உட்கார்ந்து போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பேசினார், பேசினார். கதவு திறக்கிற மாதிரி ஒரு தடவை இருந்தது. கோட்டின் நுனி மாட்டியிருக்கிறது, அதை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. ரிஃபைனரிச் சுவரின் மூலையில் திரும்பியது.

ரோவீனா திரும்பவில்லை. காலி ரோட்டைப் பார்த்தபடியே நின்றார். அவர் குரல் அத்தனை தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"உள்ள போ, ஆர்வில். எல்லாரும் போயாச்சுன்னு வெல்மாகிட்ட சொல்லு. மருந்தைக் கொடுக்கச் சொல்லு."

நான் நகர்ந்தேன்.

"நான் சொன்னேன்னு சொல்லாதே. நீயா சொல்ற மாதிரி சொல்லு."

நின்று அவரைப் பார்த்தேன். முகத்தைக் காட்டாமலே, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, போ போ என்று விரல்களை ஆட்டினார்.